நாலாம் நம்பர் பாரிட்

என் மகள் சம்பான் படகில் பிறந்தாள். அதற்காக நான் யாரையும் குறை சொன்னதில்லை.

விடியற்காலை ஆறு மணிக்கு வலி எடுத்தது. எங்கள் லயத்திலிருந்து ஈஜோக் கிளினிக்குக்கு நாலாம் நம்பர் பாரிட் வாய்க்கால் வழியாகப் போனால் பதினைந்து நிமிடம். சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். நாங்கள் சுற்றித்தான் போனோம். பாதி வழியில், மொட்டையாக நின்ற செம்பனை மரங்களுக்கு நடுவே, என் கணவர் உடையப்பன் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து பிள்ளையைக் கையில் வாங்கினார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாலாம் நம்பர் பாரிட்டின் வாயில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றைப் பற்றி லயத்தில் பேச்சு எழுந்தது அன்றைக்குத்தான். ஐந்து வருடமாக அதை யாரும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்க வேண்டியவர் பக்கத்து வீட்டுக் குகன் மாமா. அவர் உள்நாட்டில், சுங்கை சோவில் இருந்தார்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கடல் பழைய கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கோலசிலாங்கூரின் வயல்கள், கம்பத்துக் கிராமங்கள், தோட்டங்கள் எல்லாவற்றிலும் ஈஜோக் வரைக்கும் உப்புத் தண்ணீர் நின்றது. ஈஜோக்கில் புதுக் கரை எழுப்பி, அதுதான் இனி நாட்டுக்கு ஓரம் என்றார்கள். பாதிப் பேர் ரவாங் பக்கம் போய்விட்டார்கள். தோட்டத்தில் செம்பனைகள் மட்டை உதிர்ந்து நின்றன. அவற்றின் காலடிக்கு இறால் வந்தது, மீன் வந்தது, அதற்குப் பின்னால் சுறா வந்தது. ஆற்றுக்குள் ஏறி வரக்கூடிய சாதிச் சுறா. குட்டி போடத்தான் வந்தன. பத்தாங் பெர்ஜுந்தாயின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் வரைக்கும் போய்க் குட்டி போட்டன. வெளிக்கடலில் சுறா அருகிவிட்டது, இந்த இடத்தை விட்டால் அவற்றுக்குப் பிரசவிக்க வேறு இடமில்லை என்று தெரிந்ததும் தோட்டத்தைச் சுறாக்களுக்கே விட்டுவிட்டு, எங்களைக் காவலுக்கு வைத்தார்கள். தண்ணீருக்கு மேலே கால் ஊன்றி வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதையும் நாங்கள் லயம் என்றே சொன்னோம். சுறாவைக் கணக்கெடுத்து, வலை போட வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறவர் மண்டோர். அந்த விவரத்தை மேலே எழுதி அனுப்புகிறவர் கிராணி. தோட்டத்தில் செம்பனைகளுக்கு நடுவே வெட்டிய வடிகால்களான பாரிட்டுகள்தான் இப்போது எங்கள் படகுப் பாதை. அவற்றின் பழைய நம்பர்கூட மாறவில்லை.

புனிதவதி அக்கா மண்டோர். என் கணவர் கிராணி. எங்கள் வீட்டுக்கும் அக்காவின் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

சினையாக வரும் சுறாவை நாங்கள் புள்ளத்தாச்சி என்போம். புள்ளத்தாச்சி வந்திருக்கா என்று ஒருத்தர் சொன்னால் போதும், படியில் காலைத் தொங்கப்போட்டிருக்கும் பிள்ளைகள் எழுந்துவிடும். மீன் கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றமாட்டோம். அவள் கடித்தாலும் திட்டக்கூடாது. கடிபட்டவர் உடம்பு தேறியதும், கடிபட்ட இடத்தில் ஒரு குடம் தண்ணீர் மொண்டு திரும்ப அங்கேயே ஊற்றவேண்டும். உன் இடத்துக்கு நான் வந்தேன், என் உடம்புக்கு நீ வந்தாய், இனி நமக்குள் வழக்கில்லை என்று அதற்கு அர்த்தம். தண்ணி திருப்புறது என்று சொல்வோம். அதுவரைக்கும் அந்த இடத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கும், யாரும் படகு விடமாட்டார்கள். கடிபட்டவர் இறந்துவிட்டால் அவருடைய தாய் ஊற்றுவார், இல்லையென்றால் மனைவி. இதெல்லாம் ஆதி காலத்து வழக்கமில்லை. நான் பிறந்த பிறகு வந்ததுதான். யார் ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஆனால் யாரும் மீறியதில்லை.

அக்காவின் கணவர் குகன் மாமா பக்காவ் என்னும் அலையாத்திக் கன்று நடுகிற வேலையில் இருந்தார். ஐந்து வருடத்துக்கு முன்பு, நாலாம் நம்பர் பாரிட்டில் ஒரு புள்ளத்தாச்சி திருட்டு வலையில் சிக்கிக் கிடந்தாள். மேல்துடுப்பு கிழிந்து, செவுளுக்குள் வலை நரம்பு இறங்கியிருந்தது. மாமா சம்பானில் குப்புறப் படுத்துக்கொண்டு கத்தியால் வலையை அறுத்தார். அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசி நரம்பு அறுந்ததும் அவள் திரும்பினாள். மாமாவின் இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அவள் பிழைத்துக்கொண்டாள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கிழிந்த துடுப்போடு வந்து குட்டி போட்டுவிட்டுப் போவாள். அவளையும் சேர்த்துக் காவல் காப்பதுதான் அக்காவின் வேலை.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்துவிட்டு மாமா வீட்டுக்கு வந்தார். அன்று சாயங்காலம் தண்ணீர் ஏறி, பலகைக்கு அடியில் சளப் சளப் என்று அடிக்க ஆரம்பித்தது. எங்களுக்கு அது காதில் விழவே விழாத சத்தம். மாமா எழுந்து மேசைமேல் ஏறி நின்றுகொண்டார். உடம்பெல்லாம் வியர்வை. கூப்பிட்டும் இறங்கவில்லை. மறுநாள் கண்ணைத் துண்டால் கட்டி, சம்பானில் படுக்கவைத்துத்தான் கரை சேர்த்தோம். சுங்கை சோவில் அவருடைய அக்கா சின்னத்தாயின் வீட்டில் தங்கினார். அங்கேயே ஒரு தொழிற்சாலை வாசலில் லோரிகளைப் பதிவு செய்கிற வேலை கிடைத்தது.

புனிதவதி அக்காவும் கூடவே போனார். எட்டு மாதம் இருந்தார். ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டினார். ஆனால் அவருக்கு அசையாத தரையில் தூக்கம் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. பாதி உடம்பாகிவிட்டார். கடைசியில் மாமாவே அவரைக் கூட்டிக்கொண்டு ஈஜோக் வரைக்கும் வந்து, நீ வீட்டுக்குப் போ என்று பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டுத் திரும்பினார்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் இருவரும் ஈஜோக்கில் சந்தித்தார்கள். புதுக் கரைக்குக் கீழே கடைசி பஸ் நிற்குமிடத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. மாமா ரவாங்கைப் பார்த்து உட்கார்வார். அக்கா அதே பெஞ்சில் கரையைப் பார்த்து உட்கார்வார். தோளும் தோளும் பட்டுக்கொண்டிருக்கும், முகம் மட்டும் ஆளுக்கொரு பக்கம். நான் ஒருமுறை கிளினிக்குக்குப் போகும்போது அப்படிப் பார்த்தேன். அக்கா கொண்டுபோன இட்டலியை மாமா தின்றுகொண்டிருந்தார். அக்கா அவருடைய காலிச் சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்திக்கொண்டிருந்தார். ஐந்து மணி பஸ்ஸில் மாமா போவார். அக்கா சம்பானில் வீடு திரும்புவார். பினாங்கில் வேலை பார்க்கும் அவர்கள் மகள் தனுஜா, அம்மாவிடம் ஒரு தடவையும் அப்பாவிடம் ஒரு தடவையுமாகப் போன் போட்டு ஒரே சேதியை இரண்டு முறை சொல்வாள்.

கயிறு மட்டும் அப்படியே கிடந்தது. ஐந்து வருடம் லயத்தில் எல்லாரும் சுற்றியே போனோம். ஒருத்தரும் அக்காவிடம் வாய் திறக்கவில்லை. என் மகள் சம்பானில் பிறந்த பிறகு திறக்க வேண்டியதாகிவிட்டது.

என் கணவர்தான் போய்ப் பேசினார். எனக்குச் சொல்லாமல் போனார். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. மாமா வருகிற மாதிரித் தெரியவில்லை, இந்த வருடம் நீங்களே தண்ணீரைத் திருப்பிவிட்டால் நல்லது என்று எப்படியோ சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார்.

"தங்கமணி சொல்லச் சொன்னாளா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லக்கா. அவளுக்குத் தெரியாது."

பிறகு அக்கா சொன்னார். "நீ கேக்குறது தப்பில்ல தம்பி. ஆனா அவரு உசுரோட இருக்கும்போது நான் எப்படி ஊத்துவேன்?"

என் கணவர் திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அக்கா ஈஜோக்குக்குப் போய் மாமாவிடம் இதைச் சொன்னார். என்ன நடந்தது என்று அவரே பிறகு எனக்குச் சொன்னார். மாமா முதலில் என் பிள்ளையைப் பற்றிக் கேட்டாராம். எடை எவ்வளவு, பெயர் வைத்தாயிற்றா என்று. பிறகு, அவள் வந்துவிட்டாளா என்று கேட்டாராம். கிழிந்த துடுப்புக்காரியைத்தான். அவள் வருகிற வருடமெல்லாம் கேட்பார். இன்னும் இல்லை என்று அக்கா சொன்னதும், "நீயே ஊத்திடு புனிதா" என்றாராம்.

அக்கா இட்டலி டப்பாவை மூடிக்கொண்டிருக்க, மாமாவே மேலும் சொன்னாராம்.

"எனக்கு அவ மேல கோவம் இல்ல. ஒடம்புதான் கேக்க மாட்டேங்குது. நான் வருவேன்னு அந்தக் கயிறு கட்டிக் கெடக்குது. நான் வரமாட்டேன்லா."

இதை எனக்குச் சொல்லும்போது அக்கா நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். உடைத்து வைத்ததை அடுப்பில் ஏற்றவே இல்லை. அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அன்று அவருடைய வீட்டில் விளக்கும் ஏற்றவில்லை. நான் என் பக்கத்திலிருந்து சுவரில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் வந்ததுதானே இது என்ற நினைப்பு விடவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அக்கா எங்கள் வாசலில் நின்றார். நல்ல சேலை கட்டியிருந்தார். இடுப்பில் எவர்சில்வர் குடம். அதன் வாயை மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். சேலையின் ஓரம் நனைந்திருந்தது.

"நாலாம் நம்பர்ல கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு மொண்டுட்டேன்" என்றார். "அவரு கை பட்டா போதும். ஊத்துறது நான் கொண்டாந்து ஊத்துறேன்."

அது செல்லுமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. நானும் வருகிறேன் என்றேன். பிள்ளைக்கு ரெண்டு மாதம் முடிந்திருந்தது. துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டேன்.

ஒரு குடம் கடல் தண்ணீரை பஸ்ஸில் கொண்டுபோவது லேசில்லை. ஈஜோக்கில் ஏறும்போதே டிரைவர் என்ன அது என்றார். கோயில் தண்ணி என்றார் அக்கா. சிந்தினால் துடைக்கவேண்டும் என்று சொல்லி ஏற்றிக்கொண்டார். அக்கா குடத்தைக் காலுக்கு நடுவில் வைத்து இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டார். பத்தாங் பெர்ஜுந்தாய் தாண்டி ஒவ்வொரு வளைவிலும் துணி வழியாகக் கொஞ்சம் வழியும். அக்கா தன் முந்தானையாலேயே துடைப்பார். ரவாங்கில் பஸ் மாறும்போது நான் குடத்தைத் தூக்கிக்கொள்ள, அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டார். அந்தக் குடம் பிள்ளையைவிடக் கனமாக இருந்தது. சுங்கை சோவில் இறங்கி நடக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வீட்டு வாசலில் நின்று, "தலை கலைஞ்சிருக்கா?" என்று கேட்டார் அக்கா. ஒதுக்கிவிட்டேன்.

சின்னத்தாய் அண்ணிதான் கதவைத் திறந்தார். குடத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஐந்து வருடமாகத் தம்பியைப் பார்த்துக்கொண்டவர் அவர். இதை எதற்கு வீட்டுக்குள் கொண்டுவந்தாய், இப்போதுதான் அவன் தூங்கப் பழகியிருக்கிறான் என்று அக்காவைக் கடிந்துகொண்டார். அக்கா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

உள்ளேயிருந்து மாமா வந்தார். நான் அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. முடி முன்பக்கம் நரைத்திருந்தது. குடத்தின் துணி இன்னும் கட்டித்தான் இருந்தது, ஆனால் அவருக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெஞ்சில் உட்காரும்போது பார்க்க முடியாத முகம் அது.

"உள்ள வா" என்றார் மாமா.

கூடத்தில் ஒரு பெரிய பேசினை வைத்து அக்கா தண்ணீரை ஊற்றினார். அதில் ஒரு செம்பனை நார் மிதந்தது. மாமா அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சின்னத்தாய் அண்ணி சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். எத்தனை நேரம் அப்படிப் போனது என்று தெரியவில்லை. என் பிள்ளை விழித்து, சிணுங்கி, பால் குடித்து, மறுபடியும் தூங்கிவிட்டது.

மாமா வலது கையை நீட்டினார். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வந்து கை நின்றுவிட்டது. எடுத்துக்கொண்டார். மறுபடியும் நீட்டி, மறுபடியும் எடுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை அக்கா எழுந்துபோய் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டார். ஏன் என்று அண்ணிக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

மாமா வலது கையை விட்டுவிட்டு, சட்டையை விலக்கி, இடது கையை, இருந்த மட்டும், பேசினுக்குள் இறக்கினார்.

உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கழித்து, "சில்லுன்னு இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

"பஸ்ஸுல சூடாயிருச்சுங்க" என்றார் அக்கா.

மாமா சிரித்தார். சிரித்தது அழுகையாகிவிட்டது. அக்கா அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை, அண்ணியோடு சமையலறைக்குப் போய்விட்டேன். அண்ணி எங்களுக்குச் சோறு போட்டார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா செம்பால் மொண்டு மொண்டு தண்ணீரைத் திரும்பக் குடத்தில் நிரப்பினார். ஒற்றைக் கையால் துணியைக் கட்ட முடியவில்லை. அக்கா ஒரு முனையைப் பிடிக்க, அவர் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார்.

புறப்படும்போது வாசல் வரைக்கும் வந்தார். "ஊத்தும்போது எனக்குப் போன் போடு. சத்தம் கேக்கணும்" என்றார்.

திங்கட்கிழமை காலை லயத்தில் இருந்த எல்லாரும் நாலாம் நம்பர் பாரிட்டுக்கு வந்துவிட்டார்கள். கடிபட்டவர் வராமல் இது எப்படிச் சரியாகும் என்று இரண்டு மூன்று பேர் முனகினார்கள். பஸ்ஸில் போய் வந்த தண்ணீருக்கு என்ன மரியாதை என்றார் ஒருவர். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சம்பானின் முனையில் நின்றார். நான் மாமாவுக்குப் போன் போட்டு, அதைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். அக்கா துணியை அவிழ்த்துக் குடத்தைச் சாய்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றினார். தண்ணீர் தண்ணீரில் விழுகிற சத்தத்தைத் தவிர அங்கே வேறு சத்தமில்லை. போனில் மாமா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

குடம் காலியானதும் அவர், "வந்துட்டாளா?" என்றார்.

அக்கா குனிந்து போனுக்குச் சொன்னார். "இன்னைக்குக் காலையில வந்துட்டா. ரெண்டாம் நம்பர்ல படுத்திருக்கா."

"நல்லாருக்காளா?"

"வயிறு நல்லா எறங்கியிருக்குங்க. இன்னும் ரெண்டு மூணு நாள்ல போட்டுருவா."

"சரி" என்றார் மாமா. போன் அணைந்தது.

முனகினவர்கள் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே என் கணவர் சம்பானிலிருந்து குனிந்து, கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். ஐந்து வருட வெயிலிலும் உப்பிலும் அது கல்லாகியிருந்தது. அக்காவே கத்தி கொடுத்தார்.

அவள் ஏழு குட்டி போட்டாள். அக்காதான் எண்ணினார். போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறக்கத்துத் தண்ணீரோடு கடலுக்குப் போய்விட்டாள். அவர்கள் சாதியில் அப்படித்தான். குட்டிகள் மொட்டை மரங்களுக்கு நடுவே தாமாகவே இரை தேடிக்கொண்டன.

நான் இப்போது மகளுக்கு ஊசி போட நாலாம் நம்பர் வழியாகப் பதினைந்து நிமிடத்தில் கிளினிக்குக்குப் போய்விடுகிறேன். மாமா வந்துவிடுவார் என்று லயத்தில் எல்லாரும் எதிர்பார்த்தோம். தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா பாய்களைக் கழுவிக் காயவைத்தார். தீபாவளி வந்தது. தனுஜா வந்தாள். மாமா வரவில்லை. அக்கா பலகாரத்தைக் கட்டிக்கொண்டு மகளோடு ஈஜோக்குக்குப் போய், பெஞ்சில் வைத்து மூவருமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஒருநாள் காலை நாங்கள் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். மாமா சுங்கை சோ சந்தையில் வாங்கிக் கொடுத்த வெங்காயம். அக்கா தானாகவே பேச்சை எடுத்தார்.

"அவரு வரமாட்டாரு தங்கம். எனக்குத் தெரியும்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"போன வாரம் என்ன கேக்குறாரு தெரியுமா? நீ எந்தப் பக்கம் தல வச்சுப் படுக்குறன்னு கேக்குறாரு. இத்தன வருசத்துல கேட்டதே இல்ல. கெழக்கால வச்சுத்தான்னு சொன்னேன்." அக்கா சிரித்தார். "நீங்கன்னு கேட்டேன். மேக்கால வச்சிருக்கேன்னாரு. மூணு மாசமாவாம். கட்டில திருப்பிப் போட்டதுக்கு அண்ணி திட்டுனாங்களாம்."

சுங்கை சோ எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் எங்கள் லயம் மேற்கே. அக்கா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் காரம் என்றார். பிறகு காலைக் கணக்குக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து, சம்பானை அவிழ்த்துக்கொண்டு குட்டிகளைப் பார்க்கப் போனார்.